சுழிச் சாலகம் உருகுவதைக் குறைபாடு கொல்லுதா, இடம் மாற்றுதா?

வாவிக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். வந்தாறுமூலையில் பௌதிகவியல் கடைசி வருஷம் படிக்கிறேன். அடுக்கு மீகடத்திகளில் (குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருள்கள்) சுழிகளின் அவத்தை மாற்றம் என்று செயற்திட்டத்துக்குத் தலைப்பு எடுத்துவிட்டு இப்போது முழி பிதுங்கிப் போய் நிற்கிறேன்.

பிரச்சினை இதுதான். வைபிசிஓ (ஒரு செப்பு ஒட்சைட்டு மீகடத்தி) பளிங்கில் இலத்திரன் கற்றையை அடித்துக் குறைபாடு உண்டாக்கினால், சுழிச் சாலகம், அதாவது சுழிகளின் ஒழுங்கான அடுக்கு, சடாரென்று உருகும் அந்த முதல்வரிசை மாற்றம் மறைந்து வழவழவென்ற தொடர் மாற்றமாகிவிடுகிறது என்று 1995ல் ஒரு கட்டுரை. 2001ல் வந்த இன்னொன்று, பிஸ்கோவில் (இன்னொரு செப்பு ஒட்சைட்டு மீகடத்தி) குறைபாடே ஆட்சி செய்கிற தாழ் வெப்பநிலை வரைக்கும் முதல்வரிசைக் கோடு அறுபடாமல் ஓடுகிறது என்கிறது. குறைபாடு மாற்றத்தைக் கொல்லுது என்று ஒரு பக்கம், குறைபாடுதான் மாற்றத்தையே நடத்துது என்று மறுபக்கம். இரண்டும் எப்படி உண்மையாகும்? சேரிடம் கேட்டால் இன்னும் வாசியுங்கள் என்கிறார். வாசித்துத்தான் குழம்பினேன்.

மற்றது, நாங்கள் சுட்டெடுத்த வைபிசிஓ வில்லை ஒன்று ஆய்வுகூடத்தில் இருக்கிறது. காந்தப்புலம் போட்டால் தடை விழுகிற இடம் அகலமாகிறது. அதைச் சாலகம் உருகுதல் என்று ரிப்போர்ட்டில் எழுதலாமா?

ஒலுவில்_நானா:
தங்கச்சி, பதில் சொல்ல ஆட்கள் வருவார்கள். அதுக்கு முதல், இந்த இழையைப் பார்க்கிற மற்றவர்களுக்காகக் கொஞ்சம் அடிப்படை போட்டுவிடுகிறேன், இல்லாட்டி பாதிப் பேர் இதோடு ஓடிவிடுவார்கள்.

இரண்டாம் வகை மீகடத்திக்குள் காந்தப்புலம் மெல்லிய குழாய்களாக நுழையும். ஒவ்வொரு குழாயையும் சுற்றி மின்னோட்டம் சுழல்வதால் அதற்குச் சுழி என்று பேர். ஒரு சுழிக்குள் இருக்கிற காந்தப் பாயம் 2.07×10⁻¹⁵ வெபர், கூடவும் இல்லை குறையவும் இல்லை. இவை ஒன்றையொன்று தள்ளுவதால் ஒழுங்கான சாலகமாக அடுக்கி நிற்கும் என்று 1957ல் அப்ரிகோசோவ் சொன்னார், அதுக்கு 2003ல் நோபல் கிடைத்தது. அவர் சதுர ஒழுங்கு என்றார், முக்கோணம் என்பது பிறகு வந்த திருத்தம். 100 கவுஸ் புலத்தில் அடுத்தடுத்த இரண்டு சுழிகளுக்கு இடையில் ஏறக்குறைய அரை மைக்ரோமீற்றர் தூரம்.

அடுக்கு மீகடத்தியில் விஷயம் இன்னும் சுவாரசியம். மீகடத்தல் நடப்பது செப்பு-ஒட்சிசன் அடுக்குகளில். பிஸ்கோவில் ஒரு அடுக்குத் தொகுதிக்கும் அடுத்ததுக்கும் 1.5 நனோமீற்றர். அதனால் சுழி என்பது முழு நூல் இல்லை, அடுக்குக்கு ஒன்றாகத் தட்டையான சுழித்துண்டு, அவ்வளவுதான். கல்முனைக் கடையில் இடியப்பத்தை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைப்பார்கள்தானே, வைபிசிஓவில் அது ஒட்டிப்போய்த் தூணாகவே நிற்கும். பிஸ்கோவில் தட்டைக் கொஞ்சம் ஆட்டினால் ஒவ்வொன்றும் தன்பாட்டில் வழுகும்.

கரண்ட்காரன்:
நானாவுக்கு எப்ப பார்த்தாலும் சாப்பாட்டு ஞாபகம் 😄

கச்சான்காத்து:
பிள்ளை, இரண்டு கட்டுரையும் சரி. ஒரே அவத்தைப் படத்தின் வேறு வேறு மூலையில் நின்றுகொண்டு கதைக்கின்றன, அதுதான் குழப்பம்.

மூன்று சக்திகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அயல் சுழிகளின் தள்ளலால் வரும் மீள்தன்மைச் சக்தி சாலகத்தைக் கட்டிவைக்கும். வெப்பச் சக்தி குலைக்கும். மூன்றாவது பின்னிங் சக்தி. ஒட்சிசன் அணு இல்லாத இடம், அணு மாறி உட்கார்ந்த இடம், இப்படி மீகடத்தல் நலிந்த இடங்களில் சுழி போய் ஒட்டிக்கொண்டால் அதுக்குக் கொஞ்சம் இலாபம். அந்த இலாபத்துக்காகத் தன் இடத்தை விட்டு நகரும்போது சாலகம் கோணும், ஆக அதுவும் குலைக்கிற பக்கம்தான். சுழியின் சராசரி அசைவு இடைத்தூரத்தின் 0.1 முதல் 0.2 பங்கைத் தாண்டினால் சாலகம் தாங்காது என்று லிண்டமன் அளவுகோல் சொல்லும். அந்த அசைவு வெப்பத்தால் வருகிறதா பின்னிங்கால் வருகிறதா என்று சாலகம் விசாரித்துக்கொண்டு நிற்காது.

உயர் வெப்பநிலையில் வெப்பம் முந்திக்கொள்ளும், அதைத்தான் உருகுதல் என்கிறோம். தாழ் வெப்பநிலையில் பின்னிங் முந்தும். அங்கே புலத்தைக் கூட்டக் கூட்ட, பிஸ்கோவில் சில நூறு கவுஸில், காந்தமாக்கல் வரைபில் இரண்டாம் உச்சம் என்று ஒரு மேடு எழும்பும். ஒழுங்கான சாலகம் குலைந்து சிக்குப்பட்ட அவத்தைக்குப் போகும் இடம் அது. 2001 கட்டுரையின் சேதியே, உருகும் கோடும் இந்த இரண்டாம் உச்சக் கோடும் வேறு வேறு இல்லை, ஒரே முதல்வரிசைக் கோட்டின் இரண்டு பாதி என்பதுதான்.

இனி 1995 கட்டுரைக்கு வருவோம். வைபிசிஓவில் முதல்வரிசைக் கோடு மேலே போகப் போக ஒரு முடிவுப் புள்ளியில் நிற்கும், அதுக்கு மேல் தொடர் மாற்றம். குறைபாட்டைக் கூட்டினால் அந்தப் புள்ளி கீழே இறங்கும். இலத்திரன் கற்றை அடித்தபோது நடந்ததை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்: புள்ளி அளவிடுகிற புல வீச்சுக்கும் கீழே போய்விட்டது, அளந்த இடம் முழுக்கத் தொடர் மாற்றமாகத் தெரிந்தது. மறுபக்கம், ஒட்சிசனை முழுசாக நிரப்பிய வைபிசிஓ பளிங்கில் வெற்றிடம் குறைவு, அங்கே முதல்வரிசைக் கோடு மிக உயர்ந்த புலங்கள் வரைக்கும் ஏறிப்போகும். கொல்லுது என்று எழுதாதீர்கள். எல்லையை நகர்த்துது என்று எழுதுங்கள்.

வாவிக்கரை:
அண்ணன், முதல் பாதி விளங்கிவிட்டது. ஆனால் ஒரு இடம் இடிக்குது. எவ்வளவு சின்னக் குறைபாடாக இருந்தாலும் நீண்டதூர ஒழுங்கு அழிந்துவிடும் என்று 1970லேயே லார்கின் காட்டினார் என்றுதானே விரிவுரையில் சொன்னார்கள்? ஒழுங்கே இல்லாத ஒன்று எப்படி "உருகும்"? மற்றது, குறைபாடு முதல்வரிசை மாற்றத்தை மழுங்கடிக்கும் என்று இம்ரி, வோர்டிஸ் என்ற இரண்டு பேரின் வாதம் ஒன்றும் இருக்குதே.

கச்சான்காத்து:
இதைத்தான் எதிர்பார்த்தேன், நல்லது.

லார்கின் சொன்னது சரி, ஆனால் அவருடைய கணக்கு சின்ன இடப்பெயர்ச்சிக்குத்தான் செல்லும். சுழி பின்னிங் பள்ளத்தை விட்டு வெளியே போகும் தூரத்துக்கு அப்பால் அந்தக் கணக்கை இழுக்க ஏலாது. சாலகம் திரும்பத் திரும்ப வரும் ஒழுங்கு என்பதால், ஒரு சுழி முழு இடைத்தூரம் நகர்ந்தாலும் அடுத்தவன் இருந்த இடத்தில்தான் போய் நிற்கும், அதனால் கூடுதல் இலாபம் இல்லை. ஜமார்க்கி, லெ துசால் இரண்டு பேரும் 1994, 95ல் இதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, இடப்பெயர்ச்சி தூரத்தோடு மடக்கை வேகத்தில்தான், அதாவது மிக மிக மெதுவாகத்தான், கூடுகிறது என்று கண்டார்கள். டிஸ்லொகேஷன் (வரிசை முறிவு) ஒன்றும் இல்லாமல், பிராக் உச்சங்கள் (ஒழுங்கு இருந்தால் சிதறலில் தெரிபவை) கூராகவே இருக்கிற ஒரு கண்ணாடி, அதாவது முழு ஒழுங்கு இல்லாமல் உறைந்த அவத்தை. பிராக் கண்ணாடி என்று பேர். 2001ல் நியூத்திரன் சிதறலில் அதற்கு நல்ல சான்று வந்தது, ஆனால் அது பொட்டாசியம்-பேரியம்-பிஸ்மத்து ஒட்சைட்டில், அடுக்குப் பொருளே இல்லை, கனசதுரப் பளிங்கு. மேற்கோள் காட்டும்போது இதைக் கவனிக்கவும்.

ஆகவே உருகுவது சுத்தமான சாலகம் இல்லை, பிராக் கண்ணாடி. அதுக்கு இழப்பதற்கு ஒழுங்கு மிச்சம் இருக்கிறது.

இம்ரி-வோர்டிஸ் பற்றி. இரு பரிமாணத்தில் எவ்வளவு சின்னக் குறைபாடும் முதல்வரிசை மாற்றத்தை மழுங்கடித்துவிடும். 1989ல் ஐசன்மன், வேர் என்ற இரண்டு பேர் இதைக் கணித ரீதியாகவே நிறுவினார்கள். முப்பரிமாணத்தில் அப்படி இல்லை, குறைபாடு ஒரு அளவைத் தாண்ட வேண்டும். அடுக்கு மீகடத்தி இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து இழுபடுவதால்தான் இவ்வளவு ரகளை.

கரண்ட்காரன்:
குறுக்கே விழுவதற்கு மன்னிக்கவும். நான் வயர் பக்கத்து ஆள், வெளிநாட்டில் மின்வலுக் கருவிகளோடு வேலை. எங்களுக்குச் சுழி அசைந்தால் மின்னழுத்தம் வரும், சூடு வரும், கதை முடிஞ்சது. ஆகவே குறைபாடு எங்களுக்குக் கடவுள். ரிபிசிஓ (வைபிசிஓ குடும்பம்) நாடாக்களில் பேரியம் சிர்கோனேற்றுத் துகள்களை வேண்டுமென்றே வளர்க்கிறார்கள், அவை நனோக் கம்பி மாதிரி நிமிர்ந்து நிற்கும், சுழி அதில் பிடிபட்டுக் கிடக்கும். நீங்கள் என்னடா என்றால் குறைபாடு குலைக்குது, குலைக்குது என்கிறீர்கள். எது சரி?

கச்சான்காத்து:
தம்பி, ஒழுங்கைக் குலைப்பதும் அசையாமல் பிடிப்பதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. குலைந்த சாலகம்தான் நல்லாகப் பிடிபடும், ஏனென்றால் ஒவ்வொரு சுழியும் தனக்குத் தோதான பள்ளத்தைத் தேடிப் போக முடியும். இரண்டாம் உச்சத்தில் மின்னோட்டக் கொள்ளளவு கூடுவது அதனால்தான்.

அதோடு எந்த வகைக் குறைபாடு என்பதுதான் பெரிய கேள்வி. ஒட்சிசன் வெற்றிடம், இலத்திரன் கற்றையில் இடம் மாறிய அணு, இவை புள்ளிகள். சுழி ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத புள்ளிகளைத் தேடி நெளியும். பிஸ்கோவில் குறைந்த அளவு இலத்திரன் கற்றை அடித்துப் பார்த்தபோது இரண்டாம் உச்சம் நல்லாகவே கீழே இறங்கியது, உருகும் கோடும் இறங்கியது. நீங்கள் சொல்லும் கம்பி, அல்லது கனமான அயனைப் பாய்ச்சினால் உண்டாகும் நேர்த் தடம், வேறு சாதி. 1991ல் வெள்ளீய அயன்களை 580 மெகா இலத்திரன்வோல்ற்றில் வைபிசிஓவுக்குள் பாய்ச்சிக் காட்டினார்கள், சுழி முழு நீளத்துக்கும் அந்தத் தடத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. அங்கே திண்மம் என்ற அவத்தையே மாறிவிடுகிறது, தடங்களில் மாட்டி உறைந்த அந்த அவத்தையை நெல்சனும் வினோக்கூரும் போஸ் கண்ணாடி என்றார்கள். கோடு கீழே இறங்காது, மேலே ஏறும். பிஸ்கோவில் இன்னொரு வேடிக்கை, சிதறி நிற்கிற சுழித்துண்டுகளைத் தடம் நேர்கோட்டில் நிறுத்திவிடும், திரவ அவத்தையில் கூட.

குறைவான எண்ணிக்கையில் தடம் போட்டால் இன்னும் அழகு. தடத்தில் மாட்டின சுழிகள் ஒரு வலைச்சட்டம் மாதிரி இறுகி நிற்கும், நடுவில் உள்ள இடைவெளிகளில் மற்றச் சுழிகள் குட்டிக் குட்டிப் பளிங்காக இருந்து, சட்டம் நிற்கும்போதே உள்ளே மட்டும் உருகும்.

ஒலுவில்_நானா:
2001 கட்டுரையில் எனக்குப் பிடித்த இடத்தை ஒருவரும் தொடவில்லை. தலைகீழ் உருகுதல். தங்கச்சி, இதை ரிப்போர்ட்டில் ஒரு முழுப் பகுதியாகவே போடலாம்.

அந்தக் கட்டுரையை எழுதிய செல்டோவ் குழு அதுக்கு முதலே, 1995ல், பிஸ்கோ பளிங்கின் மேல் சில மைக்ரோமீற்றர் அகலமான ஹோல் உணரிகளை வரிசையாக வைத்து, ஒவ்வோர் இடத்திலும் புலத்தைத் தனித்தனியாக அளந்தது. ஏன் அப்படி என்றால், தட்டையான பளிங்கில் புலம் எல்லா இடமும் ஒரே அளவு இல்லை, நடுவில் கூடி ஓரத்தில் குறையும், முழுப் பளிங்கையும் ஒன்றாக அளந்தால் மாற்றம் கரைந்துபோய்விடும். தனி உணரியில் பார்த்தபோது உருகும் இடத்தில் புலம் கவுஸின் பத்திலொரு சில பங்கு பாய்ந்தது. புவிக் காந்தப்புலமே ஏறக்குறைய அரைக் கவுஸ்தான், பாய்ச்சல் எவ்வளவு சின்னது என்று பாருங்கள். ஆனால் பாய்ச்சல்தான், சரிவு இல்லை. பாய்ந்ததும் மேல் நோக்கி, அதாவது திண்மத்தை விடச் சுழித் திரவம் அடர்த்தி கூடியது. அடுத்த வருஷம் ஷில்லிங் குழு வைபிசிஓவில் மறை வெப்பத்தையே அளந்தது, அதோடு முதல்வரிசை இல்லை என்று கதைக்க வழி இல்லாமல் போனது.

தாழ் வெப்பநிலையில் பிரச்சினை என்னவென்றால் சுழிகள் பின்னிங்கில் சிக்கி, சமநிலைக்கே வராது, ஹிஸ்டெரிசிஸ் (புலத்தைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் வேறு வேறு வழியில் போவது) எல்லாவற்றையும் மூடிவிடும். 2001ல் செல்டோவ் குழு குறுக்காக ஒரு சின்ன மாறுபுலத்தைப் போட்டுச் சுழிகளைக் குலுக்கினார்கள். சிக்கினது கழன்று சமநிலைக்கு வந்தது, உடனே அந்தப் பாய்ச்சல் இரண்டாம் உச்சம் இருந்த இடத்திலேயே தெரிந்தது. கோட்டைத் தொடர்ந்து வரைந்தால் அது ஒரு உச்சிக்கு ஏறி, தாழ் வெப்பநிலைப் பக்கம் திரும்பக் கீழே வளைகிறது. இப்ப தாழ் வெப்பநிலையில் கோட்டுக்குச் சற்று மேலே, ஆனால் உச்சிக்குக் கீழே, ஒரு புலத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு சூடாக்குங்கள். குலைந்த அவத்தையில் தொடங்கி, சூடாக ஒழுங்கான சாலகமாகிறது! இன்னும் சூடாக்கினால் வழக்கம்போல் உருகும்.

கோட்டின் சரிவையும் புலப் பாய்ச்சலையும் வைத்து எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) மாற்றத்தைக் கணக்கிடலாம், கிளாசியஸ்-கிளப்பெரோன் சமன்பாடு, ஏ.எல் படித்தவர்களுக்கும் பேர் தெரிந்திருக்கும். உச்சியில் சரிவு பூச்சியம், ஆக அங்கே மறை வெப்பமே இல்லாத முதல்வரிசை மாற்றம். இடது பக்கத்தில் குறி மாறி, ஒழுங்கான சாலகத்துக்குக் குலைந்ததை விட எந்திரப்பி கூட. கேட்டால் தலை சுத்தும். ஆனால் குலைந்த அவத்தையில் சுழிகள் கோணல்மாணலாகப் போய்ப் பள்ளங்களில் இறுகிக் கிடக்கின்றன, நடுங்க இடமில்லை. சாலகத்தில் அவை வரிசையில் நின்றாலும் தாராளமாக நடுங்குகின்றன. சூடு கூடினால் அந்த நடுக்கம் பின்னிங் பள்ளங்களை மழுக்கிவிடும், மீள்தன்மை வெல்லும், ஒழுங்கு வரும்.

வாவிக்கரை:
நானா, இதை வாசித்துவிட்டு அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், இப்போதுதான் கோடு ஏன் வளையுது என்று பிடிபடுது. அப்ப அந்தக் குலைந்த அவத்தைக்குப் பேர் என்ன? சிலர் சுழிக் கண்ணாடி என்கிறார்கள்.

கச்சான்காத்து:
கண்ணாடி என்று எழுதலாம். 1989ல் மத்தியூ பிஷர் சொன்னது, அதே வருஷம் கொச் குழு வைபிசிஓ படலத்தில் மின்னழுத்த-மின்னோட்ட வரைபுகளை ஒரே வளைகோட்டில் விழுத்திக் காட்டியது. தடை உண்மையிலேயே பூச்சியமாகிற ஒரு அவத்தை, தொடர் மாற்றத்தோடு.

ஒலுவில்_நானா:
அண்ணன், இதில் நான் உடன்பட மாட்டேன். ஒரே வளைகோட்டில் விழுவது பெரிய சான்று இல்லை, விழுத்த நினைத்தால் கொஞ்சம் தாராளமான கையோடு எதையும் விழுத்தலாம். 1995ல் சுழிகளின் காந்தத் திரையிடலையும் சேர்த்துச் செய்த கணினிக் கணக்கில் முப்பரிமாணக் கண்ணாடி மாற்றமே காணாமல் போனது. புள்ளிக் குறைபாடு மட்டும் உள்ள பளிங்கில் அது மெதுவாக இறுகிப்போன திரவம், அவ்வளவுதான் என்பேன்.

கச்சான்காத்து:
அந்தக் கணக்கு எடுத்த மாதிரியில் பின்னிங்கை நேரடியாகப் போடவில்லை, இணைப்புகளில் எழுந்தமான அலைக் கட்டம் (phase) போட்டுச் செய்தது. பிஸ்கோவுக்கு அப்படியே பொருத்த ஏலாது.

ஒலுவில்_நானா:
கொச் குழு அளந்ததும் பளிங்கில் இல்லை, படலத்தில். படலத்தில் டிஸ்லொகேஷன், இரட்டை எல்லை, எல்லாக் குப்பையும் இருக்கும். அதைப் புள்ளிக் குறைபாட்டுக்குப் பொருத்தலாமா?

வாவிக்கரை:
இரண்டு பேரும் சண்டை பிடிக்காதீர்கள், நான் இரண்டு பக்கமும் எழுதுகிறேன் 🙏 என் வில்லைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லையே.

கரண்ட்காரன்:
அதுக்கு நான் சொல்றேன், இது என் ஏரியா. எழுதாதீங்க. சுட்டெடுத்த வில்லை ஒரு பளிங்கு இல்லை, ஆயிரமாயிரம் மணிகள் ஒட்டினது. மணிக்கும் மணிக்கும் இடையில் பலவீனமான ஜோசப்சன் இணைப்பு. சின்னப் புலம் போட்டாலே முதலில் போவது அந்த இணைப்புகள், உங்கள் அகலமாதல் அதிலிருந்துதான் தொடங்கும். இன்னொன்று, திரவ நைதரசன் வெப்பநிலையான 77 கெல்வினில் நல்ல வைபிசிஓ பளிங்கின் சாலகம் உருகப் பல தெஸ்லா வேண்டும். ஆய்வுகூட மின்காந்தம் அதுக்குப் பக்கத்திலும் போகாது. பிஸ்கோ பளிங்கு என்றால் அந்த வெப்பநிலையில் சில பத்துக் கவுஸ் போதும், ஆனால் ஒற்றைப் பளிங்கு வேண்டும், உங்களிடம் இல்லை.

சுடும்போது 450, 500 பாகை செல்சியஸ் வாக்கில் ஒட்சிசனில் மெதுவாக ஆற விட்டீங்களா? நடுவில் கரண்ட் போயிருந்தால் ஒட்சிசன் ஒழுங்காக ஏறியிருக்காது, மீகடத்தல் தொடங்கும் அவதி வெப்பநிலையே பரவிக் கிடக்கும். அதுவும் அகலமாகத் தெரியும்.

வாவிக்கரை:
கரண்ட் போனதுதான் 😑 திரவ நைதரசன் கூட மாட்டுக்குச் செயற்கைச் சினைப்படுத்தலுக்கு வருவதில் கொஞ்சம் கேட்டு வாங்கித்தான் அளந்தோம்.

கச்சான்காத்து:
😂 மட்டக்களப்பில் மாடு இருக்கும் வரைக்கும் தாழ் வெப்பநிலைப் பௌதிகத்துக்குக் குறை வராது.

பிள்ளை, வில்லையை மீகடத்தலைக் காட்டும் பகுதிக்கு மட்டும் வையுங்கள். அவத்தை மாற்றத்துக்கு லெப்டொப்பில் உருவகப்படுத்தல் செய்யுங்கள். அடுக்குக்கு ஒரு சுழித்துண்டு, ஒரே அடுக்கில் உள்ளவை ஒன்றையொன்று தள்ளும், மேல் கீழ் அடுக்கில் உள்ளவை இழுக்கும். அதுக்குள் எழுந்தமானமாகப் பின்னிங் பள்ளங்களைத் தூவி, பள்ளத்தின் ஆழத்தை மாற்றி மாற்றிச் சூடாக்கிப் பாருங்கள். ஒவ்வொரு சுழிக்கும் எத்தனை அயல் என்று எண்ணினால் போதும், ஆறு இருந்தால் சரி, ஐந்தும் ஏழும் சோடியாக நின்றால் டிஸ்லொகேஷன். ஒரே அடுக்கோடு நிறுத்திவிடாதீர்கள். இரு பரிமாணத்தில் எப்படியும் மழுங்கும் என்று மேலே சொன்னேனே, பிறகு குறைபாடு கொன்றுவிட்டது என்று திரும்பவும் எழுதுவீர்கள்.

வாவிக்கரை:
சரி அண்ணன். தொடக்கத்தில் எத்தனை அடுக்கு? நேர்த் தடக் குறைபாட்டையும் போடலாமா?

கச்சான்காத்து:
லெப்டொப் தாங்குமளவுக்கு, எட்டு பத்து அடுக்கோடு தொடங்குங்கள், மேல் அடுக்கையும் கீழ் அடுக்கையும் சுற்றி இணைத்துவிடுங்கள். தடம் போடுவது இன்னும் சுலபம், எல்லா அடுக்கிலும் ஒரே இடத்தில் பள்ளம். முதலில் புள்ளிக் குறைபாட்டில் கோடு இறங்குதா பாருங்கள், பிறகு அதே எண்ணிக்கைப் பள்ளங்களைத் தடமாக அடுக்கி ஏறுதா பாருங்கள். தடத்துக்குச் சுழி எண்ணிக்கையைத் தடங்களின் எண்ணிக்கைக்குக் கீழேயும் மேலேயும் மாற்றிப் போட மறக்க வேண்டாம், இரண்டு பக்கமும் நடத்தை வேறு. வரைபு வந்தால் இங்கே போடுங்கள், நானாவும் நானும் அதிலும் சண்டை பிடிப்போம்.